சாமியார் கேட்ட உயிர்ப்பிச்சை

பூசை லத்தீனில் நடந்த காலத்து ஆட்கள் நம்மில் இன்னும் கொஞ்சம் பேர் மிச்சம் இருக்கிறோம். உங்களுக்கு நினைவிருக்கும். சாமியார் நமக்கு முதுகைக் காட்டி நின்று ஏதோ சொல்வார். உபதேசியார் ஏதோ பதில் சொல்வார். மணி அடித்தால் குனிவோம், இன்னொரு முறை அடித்தால் நிமிர்வோம். கோயிலில் நமக்குப் புரிகிற பாஷையில் நடந்தது பிரசங்கம் ஒன்றுதான். அதனால் பிரசங்கத்தில் யாருடைய தலை உருண்டாலும், அந்தச் செய்தி காபி ஆறுவதற்குள் சாந்தோம் முழுக்கப் பரவி, கடலோரக் குப்பம் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிடும். எனக்கு எட்டு வயது நடந்த வருஷம், ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில், என் அப்பாவின் தலை உருண்டது.

அப்பா கதை எழுதிப் பிழைத்தவர். அதற்கு முன்னால் கோயில் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்திக்கொண்டிருந்தார். அந்த வேலையை விட்டுப் பல வருஷம் ஆகியும் ஊரில் எல்லாருக்கும் அவர் வாத்தியார்தான். பட்டணத்தில் இருந்த ஒரு புத்தகக் கம்பெனிக்கு மாதம் ஒரு துப்பறியும் நாவல் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். கம்பெனி முதலாளி அவரிடம் எதிர்பார்த்தது நடையை அல்ல, பிணத்தை. "மொதோ பத்துப் பக்கத்துக்குள்ள ஒண்ணு வுழுந்துடணும் வாத்தியாரே. இல்லேன்னா படிக்கிறவன் புஸ்தகத்த டிராம்லியே வுட்டுட்டு எறங்கிப் பூடறான்" என்பார்.

எங்கள் வீடு இரண்டே அறை. பின்பக்கத்து ஜன்னலைத் திறந்தால் உப்புக்காற்று வந்து காகிதத்தை எல்லாம் அப்பளம் நமுத்துப்போன மாதிரி ஆக்கிவிடும். அதில் எழுதினால் பேனா முள் சிக்கும். மசி மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து அப்பா பீங்கான் குப்பியில் ஊற்றி வைப்பார். அந்த மசி வாசனை, பக்கத்து மணலில் காய்கிற நெத்திலி வாசனை, அம்மா மாதா படத்துக்கு முன்னால் ஏற்றுகிற மெழுகுவர்த்தி வாசனை, மூன்றும் கலந்ததுதான் எனக்கு வீடு. அந்தக் கலவையை அதற்குப் பிறகு நான் எங்கேயும் முகர்ந்ததில்லை.

அப்பாவுக்கு உட்கார்ந்து யோசிக்க வராது. வாசல் கதவிலிருந்து அடுப்படிக் கதவு வரைக்கும் நடப்பார். நடந்துகொண்டே கொலைகாரன் குரலிலும் இன்ஸ்பெக்டர் குரலிலும் மாறி மாறிப் பேசுவார். திடீரென்று ஓடிப்போய்ச் சாய்வு மேசைக்கு முன்னால் சம்மணம் போட்டு, பேசியதை எல்லாம் எழுதுவார். காலையில் மீன் கொண்டுவருகிற அம்மாள் கூடையை வாசலில் இறக்கிவிட்டு, சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டு இதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் எங்கள் பக்கத்தில் அப்பாவின் கதைகளை அதிகமாக அறிந்தவள் அவள்தான். "இன்னா வாத்தியாரே, அந்த டாக்டருதான விசத்த வெச்சான்? எனக்கு அப்பவே தெரியும், அவன் மூஞ்சியே சரியில்ல" என்பாள். கதை நன்றாகப் போகிற மாதத்தில் எங்களுக்கு ஒரு கை மத்தி கூடுதலாக விழும்.

அம்மா மட்டும் ஒரு வரி படித்ததில்லை. படிக்கத் தெரியாமல் இல்லை. கன்னியாஸ்திரீகளின் பள்ளிக்கூடத்தில் படித்தவள், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். நாவல் படிக்கிற கண்ணுக்கு நரகத்தில் தனியாக ஒரு ஊசி காய்ச்சி வைத்திருக்கிறார்கள் என்று அவளுக்கு அங்கே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். மாதாமாதம் கம்பெனியிலிருந்து புதுப் புத்தகம் வரும்போது, அட்டையில் துப்பாக்கியோடு நிற்கும் சீமாட்டியைப் பார்க்காமல் கவிழ்த்துப் பிடித்து எடுத்துப் போய்ப் பரணில் போடுவாள். அந்தச் சீமாட்டி சம்பாதித்த அரிசியைக் களைந்து உலையில் போடும்போது மட்டும் அவளுக்கு எந்தச் சங்கடமும் இருந்ததாகத் தெரியவில்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. நானும் குடும்பம் நடத்தியவள்தான்.

அந்த வருஷம் எங்கள் கோயிலுக்குப் புதிதாக ஒரு சாமியார் வந்தார். தெற்கே தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர். இளவயது, ஒல்லி உடம்பு, மூக்குக்கண்ணாடி. அந்த உடம்பிலிருந்து வருமென்று நம்ப முடியாத குரல். அங்கியை இடுப்பில் தூக்கிச் செருகிக்கொண்டு சைக்கிளில் போவார். வந்த கொஞ்ச நாளிலேயே, நாவல்கள் என்னும் நச்சுப் பாம்புகளைப் பற்றிப் பிரசங்கம் வைத்தார். நடுவில் அங்கிக்குள்ளிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து உயர்த்திக் காட்டினார். துப்பாக்கிச் சீமாட்டி. அம்மா அப்போதே முக்காட்டை மூக்கு வரை இழுத்துக்கொண்டாள்.

"என் பிரியமான கிறிஸ்தவர்களே! இதை எழுதியவன் அந்நியன் அல்ல. இந்தக் கோயிலில் ஞானஸ்நானம் பெற்றவன். என்ன எழுதியிருக்கிறான், கேளுங்கள்" என்று ஆரம்பித்தார்.

அவர் செய்த தப்பு அதுதான். எவ்வளவு மோசமான கதை என்று காட்டுவதற்காகக் கதையையே சொல்ல ஆரம்பித்தார். அப்பா எழுதியதைவிட அவர் சொன்னது நன்றாக இருந்தது. ரயில் வந்தது, புகை வந்தது, கை கால் கட்டப்பட்ட பெண் ஒரு டிரங்குப் பெட்டிக்குள் கிடந்தாள். அழுகிற குழந்தைகளுக்கு அம்மாக்கள் வாயைப் பொத்தினார்கள். "வண்டி பாலத்தின்மேல் ஏறுகிறது. கீழே வெள்ளம். பாதகன் கதவைத் திறக்கிறான். பெட்டியை விளிம்புக்குத் தள்ளுகிறான்..." என்றவர் தாம் எங்கே நிற்கிறோம் என்பது திடீரென்று ஞாபகம் வந்தவராகப் புத்தகத்தை மூடினார். "இதற்கு மேல் சொல்ல என் நாக்குக் கூசுகிறது."

கோயில் முழுக்க ஒரு பெருமூச்சு எழுந்து அடங்கியது.

பூசை முடிந்து வெளியே வந்தால், ஆண்கள் பக்கத்து வாசலில் அப்பாவைச் சுற்றிக் கூட்டம். அடிக்க வந்திருக்கிறார்கள் என்று அம்மா நினைத்தாள். மீன்காரம்மாள் பெண்கள் பக்கத்திலிருந்து பாய்ந்து போய், "வாத்தியாரே! இதை எங்கையில சொல்லவே இல்லியே நீ! பொட்டிக்குள்ள கீற பொண்ணு பொழச்சிக்கினாளா இல்லியா?" என்றாள். அப்பா குடையை ஊன்றிக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி வெட்கப்பட்டு நின்றார். அம்மா என் கையைப் பிடித்து இழுத்த இழுப்பில் என் செருப்பு ஒன்று கோயில் வாசலிலேயே தங்கிவிட்டது.

அன்று சாயங்காலமே சாமியார் பங்களாவிலிருந்து அழைப்பு வந்தது. அம்மா அப்பாவுக்குப் பின்னால் நின்றாள். நான் அம்மாவுக்குப் பின்னால் நின்றேன்.

சாமியார் சுற்றி வளைக்கவில்லை. "உம்ம பிள்ளைக்கு இந்த வருசம் புது நன்மை கொடுக்கணும்னு பேரு குடுத்திருக்கீரு. கொலையும் களவும் எழுதுற வீட்டுல வளர்ற பிள்ளைக்கு நான் எப்படிக் கொடுப்பேன்? சொல்லும்வே."

அம்மா அழ ஆரம்பித்தாள். எனக்கும் அழுகை வந்தது. என் காரணம் வேறு. பூசையில் முதல் முதலாக அப்பம் வாங்குவதுதான் புது நன்மை. அதை வாங்குகிற பெண்களுக்கு வெள்ளைக் கவுன், வலைத்துணி முக்காடு, காகிதப் பூ கிரீடம் எல்லாம் உண்டு. அதற்கு மேல், நள்ளிரவிலிருந்து பட்டினி கிடந்து நன்மை வாங்கி முடித்ததும், கன்னியாஸ்திரீகள் மேசை போட்டுப் பலகாரம் கொடுப்பார்கள். வெண்ணெய் தடவிய பன், மலைவாழைப்பழம், தகரக் குவளையில் கோக்கோ. போன வருஷம் வாங்கிய பெண்கள் அந்தக் கோக்கோவைப் பற்றிச் சொல்லிச் சொல்லி என் நாக்கில் அது ஏற்கெனவே ஒட்டிக்கொண்டிருந்தது. சர்வேசுரனை உட்கொள்வதற்கு நான் எவ்வளவு தயாராக இருந்தேன் என்று தெரியாது, கோக்கோவுக்கு முழுத் தயார்.

"நான் என்ன செய்யணும், சாமி?" என்று அப்பா கேட்டார்.

சாமியார் அலமாரியிலிருந்து ஒரு தடிப்புத்தகத்தை எடுத்து ஒரு பக்கத்தைக் காட்டினார். ரோமாபுரியில் வாழ்ந்த ஒரு கன்னிகை. அவளைப் பற்றி மொத்தம் நாலே வரி. செல்வந்தர் குடும்பத்தில் பிறந்தாள், தேசாதிபதியின் மகனை மணக்க மறுத்தாள், சிறையில் அடைக்கப்பட்டாள், வேதத்துக்காகத் தலை வெட்டப்பட்டாள். "இந்த வேதசாட்சியோட சரித்திரத்தை எழுதும். பெரிய இடத்து அனுமதியோட அச்சுல வரணும். ஆகஸ்டுல மாதா திருநாள். அதுக்குள்ள முடிச்சுட்டா அன்னிக்கே பிள்ளைக்குப் புது நன்மை. அதுவரைக்கும் மத்த எழுத்தைத் தொடப்படாது."

அம்மா அப்பாவை முந்திக்கொண்டு, "எழுதிடுவாங்க சாமி" என்றாள்.

கம்பெனி முதலாளிக்கு இது தெரிந்தபோது, டிராமில் லஸ் வரை வந்து அங்கிருந்து ஜட்கா பிடித்து எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். அவர் சைவர், நெற்றி நிறைய விபூதி. மாதா படத்துக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு உட்கார்ந்தார்.

"சாமி கதயா? நல்லது, எழுது. எத்தினி கொல?"

"ஒண்ணுதான்" என்றார் அப்பா.

"எந்தப் பக்கத்துல?"

"கடைசிப் பக்கத்துல. அதுவும் கதாநாயகியே."

முதலாளி விடவில்லை. "யாரு கொன்னாங்கன்னு கண்டுபுடிக்கிறது?"

"எல்லாருக்கும் தெரியும். தேசாதிபதிதான்."

"அவன் மாட்டிக்கினானா?"

"இல்ல."

முதலாளி எழுந்து அங்கவஸ்திரத்தை உதறிப் போட்டுக்கொண்டார். "நீ சௌக்கியமா இரு வாத்தியாரே. அடுத்த மாசத்துக்கு நான் வேற ஆளப் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அப்பா வாசலிலேயே நின்று ஜட்கா போன திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கம்பெனிக்கு எழுதுவதற்காகத்தான் அவர் வாத்தியார் வேலையை விட்டிருந்தார். அன்றிலிருந்து வீட்டில் கஞ்சி அடிக்கடி வர ஆரம்பித்தது. அப்பா மீசையைத் தடவிக்கொண்டு ரோமாபுரிக்குள் நுழைந்தார்.

சனிக்கிழமைதோறும் எனக்குச் சாமியார் பங்களாவில் ஞானோபதேசம். அது முடிந்ததும் அப்பா அந்த வாரம் எழுதிய அதிகாரத்தைச் சாமியாருக்குப் படித்துக் காட்டுவார். தப்பு இருந்தால் திருத்துவதற்காக அந்த ஏற்பாடு. முதல் வாரம் சாமியார் சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்தார். அப்பாவும் பயபக்தியோடுதான் ஆரம்பித்தார். கன்னிகை பிறந்தாள், வளர்ந்தாள், செபம் செய்தாள். ஆனால் பழகின கை சும்மா இருக்குமா? அதிகாரத்தின் கடைசியில், கன்னிகை மாளிகையின் பின்கட்டில் தனியாக முழங்காலில் இருக்கும்போது, கதவை யாரோ மெதுவாகத் தட்டினார்கள்.

அப்பா காகிதங்களை மடித்து வைத்தார்.

"யாருவே தட்டுனது?" என்றார் சாமியார்.

"அடுத்த சனிக்கிழமை, சாமி."

"அதுக்கில்ல. தப்பா எதுவும் வந்துடப்படாதுன்னுதான் கேக்கேன்."

"எனக்கே இன்னும் தெரியாது, சாமி" என்றார் அப்பா. அது நிஜம்.

அடுத்த புதன்கிழமை சைக்கிள் எங்கள் வாசலில் வந்து நின்றது. வீடு மந்திரிக்க வந்ததாகச் சாமியார் சொன்னார். போன வருஷம்தான் பழைய சாமியார் மந்திரித்திருந்தார். இரண்டு அறைக்கும் தீர்த்தம் தெளித்து முடித்து, அம்மா கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே, "தட்டுனது அந்தத் தேசாதிபதி மகன்தானே?" என்றார். தட்டினது சிறைக் காவலாளியின் மகள், கன்னிகையை எச்சரிக்க வந்தவள். இதைக் கேட்டதும் சாமியார் தொடையில் தட்டி, "நெனச்சேன்!" என்றார். நினைக்கவே இல்லை.

அதற்குப் பிறகு புதன்கிழமைகளும் ஏற்பட்டுவிட்டன. சிவப்புப் பென்சில் எங்கே போனதென்று தெரியவில்லை. மீன்காரம்மாள் வாசலில் உட்கார்ந்து, கூடையில் ஈ மொய்ப்பதையும் மறந்து கேட்டாள். இது பக்திக் கதை என்பதால் அம்மாவும் கேட்டாள். அடுப்படித் திரைக்குப் பின்னால் நின்றுதான். அப்பாவின் ஒரு வாக்கியம் அவள் காதில் ஏறியது கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. எந்தெந்த இடத்தில் அவள் கரண்டிச் சத்தம் நிற்கிறது என்பதை அப்பா கவனித்துக்கொண்டே படித்தார். ஒரு தடவை சத்தம் நின்று வெகுநேரம் திரும்பவில்லை. அப்பா படிப்பதை நிறுத்தி, திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் அவருக்கு அடுத்த வரி மறந்துவிட்டது என்று நினைத்தோம்.

கதை நடுவில் ஒரு சிக்கல் வந்தது. கன்னிகையைச் சிங்கக் கூண்டுள்ள சிறையில் அடைத்துவிட்டார்கள். அவள் அங்கிருந்து ஒருமுறை தப்பித்து, ஒளிந்திருக்கும் கிறிஸ்தவர்களுக்குச் செய்தி சொல்லிவிட்டுத் தானாகவே திரும்பி வர வேண்டும். எப்படித் தப்பிப்பது? அப்பா நடந்தார், நடந்தார், ஒன்றும் வரவில்லை.

"மீசை" என்றார் சாமியார்.

"என்ன சாமி?"

"காவலாளி வேசம். ஒரு மீசையை ஒட்டி அனுப்பும்வே."

"சாமி, அது கொஞ்சம் அதிகமாப் படுது."

"ஒண்ணும் அதிகமில்ல. எழுதும்."

அப்பா எழுதினார். ரோமாபுரியின் கன்னிகை மீசையோடு வெளியே வந்தாள்.

மழை எதுவும் இல்லாத ஒரு ஆடி மாதத்துப் புதன்கிழமை. புழுக்கம் தாங்கவில்லை. சாமியார் காபியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். கதை முடிவுக்கு வந்துகொண்டிருந்தது.

"வாத்தியாரே, ஒண்ணு கேப்பேன். தப்பா நெனைக்கப்படாது."

"சொல்லுங்க, சாமி."

"அந்தப் பிள்ளையை வெட்டித்தான் ஆகணுமாவே?"

அப்பா பேனாவைக் கீழே வைத்தார். "நீங்க குடுத்த புஸ்தகத்துல அப்படித்தானே இருக்கு?"

"இருக்கு. இல்லேங்கல. ஆனா நாலு வரிதானே எழுதியிருக்கான்? அவன் சரியா விசாரிச்சிருப்பானா?"

"வெட்டலேன்னா அவ வேதசாட்சி இல்லையே, சாமி."

"ஒரு காயம் மட்டும் பட்டா போதாதா? காயத்தோட தப்பிச்சு, ஒரு மடத்துல சேந்து, ஏழை பாழைகளுக்குச் சேவை பண்ணி, வயசாகி, நல்ல மரணமா..."

திரை விலகியது. அம்மா கரண்டியும் கையுமாக வெளியே வந்தாள். "சேசு மரி சூசையே! சாமி, நீங்களே இப்படிப் பேசினா எப்படி? வேதத்துக்காகத் தலையைக் குடுத்தவளை வயசாகிச் சாகச் சொல்றீங்களே, அவளுக்கு மோட்சத்துல கிரீடம் வேண்டாமா?"

சாமியார் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி எழுந்து நின்றார். "சரிதாம்மா. சரிதான்" என்றார். வாசலில் மீன்காரம்மாள், "இன்னாம்மா நீ, சாமியே வோணாங்கறாரு, நீ வெட்டு வெட்டுன்னு நிக்கிறியே!" என்றாள்.

அடுத்த நாள் காலையில் அப்பா அவளைக் கொன்றார். நடக்கவில்லை, குரல் மாற்றிப் பேசவில்லை. சும்மா உட்கார்ந்து எழுதினார். எழுதி முடித்து மசிக் குப்பியை மூடினார்.

"முடிஞ்சுதா?" என்று அம்மா உள்ளிருந்து கேட்டாள்.

"முடிஞ்சுது."

"ரொம்பக் கஷ்டப்பட்டாளா?"

"இல்ல. ஒரே வெட்டு."

கொஞ்ச நேரத்தில் குழம்பு தீயும் வாசனை வந்தது. அப்பா போய் அடுப்பிலிருந்து சட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்தார். அம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மீன்காரம்மாள் செய்தி கேட்டதும், "நீ நல்லாருப்பியா வாத்தியாரே?" என்று மட்டும் கேட்டாள். அந்த வாரம் எங்களுக்கு வந்த மீனெல்லாம் முள்ளாகவே இருந்தது. சாமியார் கடைசி அதிகாரத்தைத் தலையைக் குனிந்துகொண்டே கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, "நல்லா வெட்டியிருக்கீரு" என்று சொல்லிவிட்டு, அங்கியைச் செருக மறந்து சைக்கிளில் ஏறினார். தெருக்கோடியில் அங்கி சங்கிலியில் மாட்டி அவர் இறங்கியதைப் பார்த்தேன்.

கையெழுத்துப் பிரதி, புத்தகங்களுக்கு அனுமதி தருகிற பெரிய சாமியாரிடம் போனது. அம்மா என் கவுனைத் தைக்கக் கொடுத்தாள். அவளுடைய கல்யாண முக்காட்டை வெட்டித்தான் எனக்கு முக்காடு. திருநாள் நெருங்கியது. ஒரு நாள் சாமியார் எங்களைக் கூப்பிட்டனுப்பினார். மேசைமேல் அப்பாவின் காகிதக் கட்டு போன மாதிரியே திரும்பி வந்து கிடந்தது.

"வேண்டாம்னுட்டாரு" என்றார் சாமியார். "நாலு வரியை இத்தனை பக்கமாக்க யாரு அதிகாரம் குடுத்ததுன்னு கேட்டாரு. காவலாளி மகள் எங்கேருந்து வந்தான்னு கேட்டாரு. அர்ச்சியசிஷ்ட கன்னிகைக்கு மீசை வைச்ச துரோகி யாருன்னு கேட்டாரு." அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நான்தான்னேன். அதுக்கு எனக்குத் தனியாக் கெடச்சுது."

அப்பா காகிதக் கட்டைக் கையில் எடுத்து அதன் முனைகளைத் தட்டித் தட்டிச் சரிசெய்தார். கம்பெனியும் போயிற்று, புத்தகமும் போயிற்று. எனக்குக் கோக்கோ போயிற்று என்பதுதான் முதலில் பட்டது. நான் வாய்விட்டு அழுதேன்.

சாமியார் என்னைப் பார்த்தார். "நீ ஏம்ளா அழுதே? ஒன் புது நன்மைக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல. எழுதச் சொன்னேன், எழுதிட்டாரு. அச்சுல வரணும்னு நான் சொல்லலையே."

"சொன்னீங்க, சாமி" என்றாள் அம்மா.

அப்பா அம்மாவின் காலை மிதித்தார். அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. "பெரிய இடத்து அனுமதியோட அச்சுல வரணும்னு சொன்னீங்களே. நான் இங்கதான் நின்னேன்." பொய்யின் மேல் கிடைக்கிற எதுவும் அவளுக்கு வேண்டாம், மகளின் புது நன்மையாக இருந்தாலும்.

சாமியார் கொஞ்சம் யோசித்தார். "சொன்னேனா? அப்ப அது நான் செஞ்ச குத்தம்மா. நான் பாவசங்கீர்த்தனம் பண்ணிக்கிடுதேன். பிள்ளைக்குக் கவுனைத் தையுங்க."

மாதா திருநாளன்று நான் வெள்ளைக் கவுனில் நன்மை வாங்கினேன். அப்பாவும் பல வருஷத்துக்குப் பிறகு எனக்குப் பின்னால் முழங்காலில் நின்று வாங்கினார். அம்மா அழுதாள். அவள் என்னைப் பார்த்து அழவில்லை, அப்பாவைப் பார்த்து அழுதாள் என்பது எனக்கு அன்றைக்குப் பெரிய மனத்தாங்கல். கோக்கோவில் சர்க்கரை குறைவு.

அப்பாவின் கதையை இதோடு விட்டால் அது சோகக் கதை ஆகிவிடும். அவர் அந்தக் காகிதக் கட்டைப் பரணில் போடவில்லை. மறுநாளே நடக்க ஆரம்பித்தார். ரோமாபுரி திருச்சினாப்பள்ளி ஆனது. தேசாதிபதி ஜமீன்தார் ஆனார். சிங்கக் கூண்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு சர்க்கஸ் கம்பெனியைக் கொண்டுவந்து திருச்சினாப்பள்ளியில் இறக்கினார். மீசை அப்படியே இருந்தது. கன்னிகை இப்போது வேதசாட்சி இல்லை, வெறும் பெண்தான். அவளைச் சாகச் சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. அப்பா அவளைப் பிழைக்க வைத்தார். ஒருமுறை பிழைக்க வைத்துப் பழகிவிட்டதால் மற்ற யாரையும் கொல்லவும் அவருக்கு மனம் வரவில்லை.

கம்பெனி முதலாளியிடம் அதற்குள் புது எழுத்தாளர் சண்டை போட்டுக்கொண்டு போயிருந்தார். அவசரத்தில், முதலாளி அப்பாவின் கதையைப் படித்துப் பார்க்காமலே அச்சுக்குக் கொடுத்துவிட்டார். சில மாதம் கழித்து, விற்காத புத்தகங்களை ஒரு கைவண்டியில் ஏற்றிக்கொண்டு அவரே வந்து இறங்கினார். "ஒரு பொணம்கூட இல்லியே வாத்தியாரே! கடசிப் பக்கம் வரிக்கும் தேடிக்கினே பூட்டேன். ஒரு கையி, ஒரு காலாவது வெச்சிருக்கக்கூடாதா?" என்று கேட்டபோது அவர் குரல் உண்மையிலேயே தழுதழுத்தது.

அதோடு அப்பாவின் நாவல் பிழைப்பு முடிந்தது. பள்ளிக்கூடத்துக்கு அப்போது சாமியார்தான் மேலாளர். பூகோள வேலையைத் திரும்பக் கொடுத்தார். ஊரில் எல்லாரும் அதைத் தோல்வி என்றுதான் பேசினார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அப்பாவிடம் படித்தவர்கள் பின்னாளில் சொல்லக் கேட்டிருக்கிறேன். காவிரியைக் குடகிலிருந்து கொண்டுவந்து திருச்சினாப்பள்ளியில் நிறுத்தி, "இங்கே இரண்டாகப் பிரிகிறது. ஒன்று கடலுக்குப் போகிறது. இன்னொன்று? நாளைக்கு" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை மூடுவாராம். அவர் வகுப்புக்கு மட்டும் மட்டம் போட ஆளே கிடையாதாம்.

விற்காத புத்தகக் கட்டுகள் வீடு முழுக்க இருந்தன. பரண் நிறைந்து, கட்டிலுக்கு அடியில் நிறைந்து, அடுப்படி வரை வந்துவிட்டன. அம்மா ஒரு கட்டின்மேல் தண்ணீர்ப் பானையை வைத்தாள். இன்னொரு கட்டின்மேல் உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள். அதற்குள் யார் இருக்கிறாள் என்று அவளுக்குத் தெரியும். தன் வாயாலேயே வெட்டச் சொன்னவள் திருச்சினாப்பள்ளியில் உயிரோடு இருக்கிறாள். ஆனால் நாவல் நாவல்தானே. படித்துப் பார் என்று அப்பாவும் சொல்லவில்லை. நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அவள் எதையோ முந்தானைக்குள் மறைப்பதை இரண்டு மூன்று தடவை பார்த்தேன். மாங்காய் தின்கிறாள் என்று நினைத்தேன்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போன அம்மா, முகம் சிவந்து, முக்காட்டைக்கூட எடுக்காமல் வீட்டுக்குள் வந்தாள். அப்பா பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

"என்ன ஆச்சு?"

"உங்க புஸ்தகத்தைப் படிக்கிறேன்னு சாமிகிட்டப் பாவத்தைச் சொன்னேன்" என்றாள் அம்மா, தரையைப் பார்த்து.

அப்பா பேனாவைக் கீழே வைத்தார். "திட்டினாரா?"

"எந்த அதிகாரம் வரைக்கும் வந்திருக்கீங்கன்னு கேட்டார்."

"நீ என்ன சொன்னே?"

"சர்க்கஸ்காரன் கூடாரத்துக்குத் தீ வைக்கிற வரைக்கும்னேன். 'அடடா, இன்னும் மீசை வரலையா'ன்னுட்டார். பின்னால வரிசையில நிக்கிறவங்களுக்கெல்லாம் கேட்டுது. எனக்கு மானமே போச்சு."

"அபராதம் என்ன போட்டார்?"

"மூணு அருள் நிறைந்த மந்திரம்."

அப்பா சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது. அம்மா மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தியை ஏற்றி முழங்காலில் நின்றாள். முதல் மந்திரத்தை நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். இரண்டாவதைக் கொஞ்சம் வேகமாகச் சொன்னாள். மூன்றாவது பாதி போய்க்கொண்டிருக்கும்போதே அவள் இடது கை பக்கத்திலிருந்த கட்டுக்குள் நுழைந்து, மடித்து வைத்திருந்த பக்கத்தைத் தேட ஆரம்பித்தது.